துண்டுக்குள் போன மில்

மலர்கொடிக்கு வாய் அதிகம் என்று உடையார்பாளையத்தில் எல்லோரும் சொல்வார்கள். அந்த வாய் அடைத்துப்போய் அவள் நின்றதை 2004 சித்திரையில், காசிநாதனின் முந்திரி மண்டியில், நான் என் கண்ணால் பார்த்தேன். அங்கே எடை போடுவது என் வேலை.

புருஷன் போன பிறகு பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி ஆலையில் பல வருஷம் வேலை செய்தவள் அவள். கொட்டையைச் சுட்டு உடைத்தால் கை வெந்துபோகும். ஆவியில் அவித்து உடைத்தால் பருப்பும் முழுசாக வரும், கையும் தப்பிக்கும் என்று அங்கே தெரிந்துகொண்டாள். ஊருக்குத் திரும்பி, சொந்த மில் போடுவதற்காக ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தாள். உடைக்கப் பெண்கள் தயார். பாய்லர் வாங்கத்தான் பணம் இல்லை. பேங்க்கில் அடமானம் கேட்டார்கள். அடமானம் வைக்க நிலம் இருந்தால் அவள் ஏன் அங்கே போய் நிற்கிறாள்?

கடைசியில் மண்டி முதலாளி காசிநாதனே, "கடனெல்லாம் வேணாம். பங்கு குடு, பணம் போடறேன்" என்றார்.

பத்தில் எத்தனை பங்கு என்பதுதான் பேச்சு. நாலு வரைக்கும் விடலாம் என்பது அவள் முடிவு. அஞ்சைத் தாண்டினால் மில் அவருடையது. நினைத்த அன்றைக்கு அவளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

எங்கள் மண்டியில் பேரம் வாயால் நடக்காது. கையைத் துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரலுக்கு ஒன்று. பொம்பளை கையை யார் பிடிப்பது? அதனால் தம்பி பாலாஜியை உட்கார வைத்தாள். வேன் ஓட்டுகிறவன், தங்கமான ஆள், யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன். போயும் போயும் அவனை!

துண்டு அசைந்தது. காசிநாதன் சிரித்துக்கொண்டே இருந்தார். பாலாஜிக்கு நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. மலர்கொடி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது. பாலாஜி அக்காவைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான். அதோடு அவளுக்கு உயிர் போய்விட்டது. பாய்ந்து துண்டை இழுத்தாள்.

மண்டியே வாயைப் பிளந்தது. பாலாஜியின் இரண்டு விரல்கள் காசிநாதன் பிடியில் இருந்தன.

"ரெண்டுதானா?" என்றாள். அப்பாடா என்று ஆனது.

"அஞ்சு வெரலும் மொதல்லயே புடிச்சிட்டாருக்கா," என்று பாலாஜி அழுதுவிட்டான். "இது அதுக்கு மேல ரெண்டு. ஏழு கேக்கறாரு. நான் இன்னும் தலையாட்டல."

"என்னம்மா இது, பொம்பள வந்து துண்ட இழுக்கறது?" என்று காசிநாதன் சீறினார்.

அவளுக்குக் குரல் நடுங்கியது. ஆனாலும் மண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "நாலுங்க. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

போச்சு, இனி ஒருத்தனும் இவளுக்குக் காசு தரமாட்டான் என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது கொட்டை விற்க வந்திருந்த பாவாடை என்ற வியாபாரி, "நாலுன்னா நான் வரேன்மா" என்றார். பேரம் துண்டுக்குள்ளேயே இருந்திருந்தால் அது அவர் காதுக்கு எப்படிப் போயிருக்கும்?

"இருய்யா, நான் இன்னும் எந்திரிக்கல" என்ற காசிநாதன், அவசரமாகப் பாலாஜியின் நாலு விரலைச் சேர்த்துப் பிடித்தார்.

"அவன் கைய விடுங்க. எங்கிட்ட சொல்லுங்க."

காசிநாதன் சுற்றிலும் பார்த்தார். பிறகு கையை எடுத்து அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். "நாலு. சரிதாம்மா."

மலர்கொடி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இழுத்த துண்டை இன்னும் விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அதான் முடிஞ்சிடுச்சே, இன்னும் என்னக்கா பயம்?" என்றான் பாலாஜி.

"இப்பதான்டா பயமே," என்றாள். "மில்லு என்னுதாயிடுச்சே."