வக்காலத்து என்ன விலை?

லாசரஸ் தாத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பாட்டுப் புத்தகத்தைக் கொண்டு வராமல் இருக்கமாட்டார். பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம்தான். புத்தகம் தப்பான பக்கத்தில் திறந்திருப்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்றுதான் கூச்சம். ஆண்கள் வரிசையில் ஓரத்து நாற்காலி அவருடையது. நடுவழிக்கு இந்தப் பக்கம், பெண்கள் வரிசை ஓரத்தில் முத்து உட்காருவாள். போதகர் பாட்டு எண்ணைச் சொன்னதும் முத்துவின் கை நீளும். தாத்தாவின் புத்தகத்தை வாங்கி, சரியான பக்கத்தைப் புரட்டி, அவர் கையிலேயே திரும்ப வைத்துவிட்டு நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்போது அவளுக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. முன்னால் பலகையில் போட்ட எண்ணைப் பார்த்துத்தான் எடுப்பாள்.

முத்து என்பது நான் வைத்த பெயர். அவள் சொந்தப் பெயர் முட்டிண்டா. ஆப்பிரிக்காவில் ஜாம்பியா என்கிற நாடு, மோன்சே என்கிற ஊர். சட்டம் படிக்க வந்தவள், மாடம்பாக்கத்தில் எங்கள் மாடி அறையில் ஐந்து வருடம் குடியிருந்தாள். அவள் பெயரைச் சொல்லப் போய் எனக்கு நாக்குச் சுளுக்கிக்கொண்டது. "முத்துன்னே கூப்பிடட்டுமா கண்ணு?" என்றேன். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

தாம்பரத்திலிருந்து ரயிலில் கல்லூரிக்குப் போவாள். ஒருமுறை நானும் கூடப் போனேன். நிற்க இடமில்லாத கூட்டம். அவள் பக்கத்து இடம் மட்டும் காலியாக இருந்தது. நான் போய் உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் மாடிக்கு மேலே விமானங்கள் தாழப் பறக்கும். அதை ஒருநாளும் அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை. அறையில் இரண்டு தட்டு வைத்திருந்தாள். ஒன்றில் சாப்பிடுவாள். இன்னொன்று கவிழ்த்தே கிடக்கும்.

சோளமாவில் வெள்ளைக் களி கிண்டி, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைப்பாள். அவள் நாட்டு ஏரியிலும் அதே மாதிரி பொடி மீன் உண்டாம். அந்த வாசனைதான் முதல் வருடம் சண்டையில் கொண்டு விட்டது. தண்ணி லாரி வந்த நேரம். முத்து குடத்தோடு வரிசையில் நின்றாள். எதிர் வீட்டு வினிதா சத்தம் போட்டாள்.

"இன்னா நாத்தம்டா சாமி! ரத்னாக்கா, உனுக்கு வாடகைக்கு வேற ஆளே கிடைக்கலியா?"

"ஏன், உங்க வூட்ல கருவாடு வறுத்தா மல்லிப்பூ வாசனையா வருது?" என்றேன் நான்.

லாரிக்காரன்கூடச் சிரித்துவிட்டான். வினிதாவுக்கு முகம் சிவந்துபோனது. "தோ பார்றா! அதுக்கு இவங்க வக்காலத்து வாங்க வந்துட்டாங்க!"

சாயங்காலம் முத்து கீழே இறங்கி வந்தாள். மளிகைக் கடைக்குப் போய்ப் போய் நாலைந்து தமிழ் வார்த்தை பழகியிருந்தாள். "அக்கா, வக்காலத்து என்ன விலை? எந்தக் கடை?"

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அது கடைச் சாமான் இல்லை, ஒருத்தருக்காக இன்னொருத்தர் பரிந்து பேசுவது என்று கையைக் காலை ஆட்டிப் புரியவைத்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை இரண்டு மூன்று தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்துவிட்டு மேலே போனாள்.

மூன்றாம் வருடம் பரீட்சை சமயத்தில் அவள் அப்பா இறந்துபோனார். பள்ளிக்கூட வாத்தியார். போய்ச் சேர வழியில்லை. அடக்கத்தைப் போனில் பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினேன். அவள் ஆமென் சொல்லவில்லை.

அடுத்த வாரமே சித்தப்பா வந்து வீட்டைப் பூட்டிக்கொண்டார். அப்பா சம்பளத்தில் கட்டிய வீடு. பானை சட்டி, கட்டில் எல்லாம் உள்ளே. அம்மா தன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். செத்தவன் சொத்து செத்தவன் ஜனத்துக்கு என்பது அங்கே பழைய வழக்கமாம்.

"சட்டம் இல்லியா கண்ணு?" என்று கேட்டேன். அதற்குள் அவள் தமிழ் நன்றாகத் தேறியிருந்தது.

"இருக்குக்கா. வீடு பொண்டாட்டிக்கும் புள்ளைங்களுக்கும்தான். ஆனா சாவி சித்தப்பாகிட்ட கீது."

அதற்குப் பிறகு அவள் படித்த படிப்பு வேறே. ஊருக்குப் போனாலும் உடனே வக்கீல் கோட்டுப் போட முடியாதாம். இன்னொரு இடத்தில் படித்துத் தேற வேண்டும், அதில் முக்கால்வாசிப் பேர் தோற்றுவிடுவார்களாம். தேறிவிடுவேன், அம்மாவுக்கு நானே வாதாடி வீட்டைத் திறப்பேன் என்பாள். ஒருநாள் கல்லூரியிலிருந்து வந்ததும் வராததுமாக, "அக்கா, வக்காலத்து நிஜமாவே ஒரு பேப்பராம்! கட்சிக்காரங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தாதான் வக்கீல் வாயே திறக்கலாம்" என்றாள்.

கடைசி வருடம் அந்தக் கையெழுத்தில்தான் எல்லாம் முட்டிக்கொண்டது. அம்மா மாட்டேன் என்றுவிட்டார். போனில் அவர் சொன்னதை முத்து எனக்குத் தமிழில் சொன்னாள்: உங்க அப்பா ஜனங்களைக் கோர்ட்டில் நிறுத்தாதே. நாளைக்கு நான் செத்தால் தூக்க யார் வருவார்கள்?

"உனக்கும் பங்கு உண்டில்ல? நீயே கேஸ் போடேன்."

"போடலாம். அந்த வூட்ல இருக்கப்போறது அம்மா. அவங்களே வேணாம்னா நான் யாருக்காகக் கேக்கறது?"

அந்த மாதங்களில் மாடியிலிருந்து சத்தமே வராது. களி கிண்டுகிற சத்தம்கூட இல்லை. சில நாள் நானே சோறு கொண்டுபோவேன். கவிழ்த்து வைத்த தட்டை நிமிர்த்தி, நானும் அதில் போட்டுக்கொண்டு சாப்பிடுவேன். கர்த்தரிடம் என்ன கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. அம்மா கையெழுத்துப் போடட்டும் என்று கேட்கவா? அந்தப் பயமும் நியாயமாகத்தானே இருந்தது.

போன வருடம் தேர்வு முடிந்து கிளம்பினாள். லாசரஸ் தாத்தா அதற்கு முன்பே கர்த்தரிடம் போய்விட்டார். வழியனுப்ப நான் ஒருத்திதான். காரில் பெட்டியை ஏற்றியாயிற்று. தட்டு இரண்டில் ஒன்றை என் கையில் கொடுத்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"அம்மா கடைசி வரைக்கும் கையெழுத்துப் போடலன்னா இன்னா கண்ணு பண்ணுவே?"

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு எதிர் வீட்டைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்:

"அன்னிக்குத் தண்ணி லாரியாண்ட நீங்க எனக்கு வக்காலத்து வாங்குனீங்களேக்கா. நான் இன்னா, கையெழுத்தா போட்டுக் குடுத்தேன்?"