நல்ல தண்ணீர் ஊற்றி வளர்த்த கறையான்

நைனாவின் படகை என் குருவிகளுக்குத் தின்னக் கொடுத்தவன் நான். இதை நானாக யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்குத் தெரியும், ஆனால் அவளும் தானாகக் கண்டுபிடித்ததுதான்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலோடு சேரும் எங்கள் உப்பு ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. இறால் படுகிற இடங்களை ஊர்க்காரர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். நைனா, எங்கள் அப்பா, செத்த பிறகு அவருடைய பாடு அண்ணனுக்கும் எனக்கும் வந்தது. நடுவில் வீட்டில் கஷ்டம். காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போனேன். அந்தத் துறைமுகம் வந்துதான் ஏரியில் மீன் குறைந்தது என்று ஊருக்கே அதன் மேல் கோபம். எட்டு மாதத்தில் ஒப்பந்தம் முடிந்தது, திரும்பி வந்தேன். வந்தவனை ஊர்க்கூட்டத்தில் நிற்க வைத்து அண்ணன் பேசினான்.

"போர்ட்டுக்குப் போயி சம்பளம் வாங்கனவனுக்கு ஏரில இன்னா வேல? ஏரிய வித்தவன் இவன். இவனுக்குப் பாடு குடுத்தா நாளைக்கு எல்லாரும் கெளம்பிடுவானுங்க."

வேறு யாராவது சொல்லியிருந்தால் நாலு பேர் எனக்காகப் பேசியிருப்பார்கள். கூடப் பிறந்தவனே சொன்ன பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? ஊரே தலையாட்டியது. என் பாடு போனது. பாடு இல்லாதவனுக்குப் படகு எதற்கு என்று நைனாவின் மரப்படகையும் அவனே வைத்துக்கொண்டான். அவனிடம் ஏற்கனவே ஃபைபர் படகு இருந்தது. மரப்படகைக் கரைமேட்டில் சவுக்கு மரங்களுக்கு நடுவே கவிழ்த்துப் போட்டுவிட்டு மறந்தே போனான்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஏரியை விற்றவன் என்று ஊர் முன்னால் சொன்னதை அவன் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். "தப்பு என்னுதுடா" என்று அவன் வாயிலிருந்து வர வேண்டும். பாடு கூட எனக்கு அதற்கு அப்புறம்தான்.

அது வரவில்லை. ஐஸ் உடைக்கிற கூலி வேலைக்குப் போனேன். மற்ற நேரம் குருவிகளோடு உட்கார்ந்திருந்தேன். துறைமுகத்தில் என்னோடு வேலை செய்த வடநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது, கூண்டோடு கொடுத்துவிட்டுப் போன இரண்டு ஜோடி ஃபின்ச் குருவிகள் அவை. கட்டைவிரல் அளவு உடம்பு, ஆரஞ்சு நிற மூக்கு, குழந்தைகள் ஊதுகிற பீப்பி மாதிரிக் குரல். முட்டையிட்டன, பொரித்தன. ஆனால் முதல் இரண்டு தடவையும் குஞ்சுகள் ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை. பொன்னேரியில் பறவைக் கடை வைத்திருப்பவரிடம் போய்க் கேட்டேன்.

"தினை மட்டும் போட்டா எப்டிபா? குஞ்சு பொரிச்சா உயிரோட பூச்சி வேணும். கறையான் புடிச்சிப் போடு, அப்புறம் பாரு" என்றார்.

ஏரிக்கரையின் உப்பு மண்ணில் கறையானுக்கு எங்கே போவது? கரையை விட்டு உள்ளே தள்ளி, நெல் விளைகிற ஊர்ப் பக்கம் சைக்கிளில் போனேன். ஒரு வரப்போரம் புற்றைப் பார்த்துக் குச்சியை நீட்டியதுதான் தாமதம், நடவில் நின்ற அம்மா ஒருத்தி சேற்றோடு ஓடி வந்தாள்.

"யோவ்! நாங்க பால் ஊத்தற புத்துய்யா அது! கைய வெச்சே, கைய முறிச்சிடுவேன்!"

வெறுங்கையோடு திரும்பினேன். சவுக்குத் தோப்பு வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போதுதான் நைனாவின் படகில் அதைப் பார்த்தேன். உப்பு ஏறாத மேட்டுத் தரையிலிருந்து பலகை மேல் விரல் அகலத்துக்கு மண்கோடு ஏறியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். வெள்ளை வெள்ளையாகக் கறையான் உதிர்ந்தது.

தண்ணீரில் ஓடுகிற படகைக் கறையான் தொடாது. கரையேற்றிப் போட்டால்தான் ஆபத்து. அதனால் நைனா மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை மீன் எண்ணெய் தடவுவார். அண்ணன் தடவவில்லை. அன்றைக்கே போய்ச் சொல்லியிருந்தால் ஒரு பலகையை மாற்றிப் படகைக் காப்பாற்றியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியது, அதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த நிமிடமே கூட்டத்தில் அவன் நீட்டிய விரல் கண் முன்னால் வந்தது. போகட்டும், நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வாயை மூடிக்கொண்டதோடு நின்றிருந்தால் பாதிப் பாவம். நான் நிற்கவில்லை. பழைய பானை ஒன்றில் வைக்கோல், காய்ந்த சாணி, கிழிந்த அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் அடைத்து, நனைத்து, படகின் அடியில் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் விடிந்ததும் எடுத்தால் பானை முழுக்கக் கறையான். அடுத்த வாரம் பானை இரண்டானது. ஈரம் காயாமல் இருக்க தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஏரித் தண்ணீர் ஆகாது, உப்பு பட்டால் கறையான் ஓடிவிடும். ஆகவே வீட்டிலிருந்து குடிக்கிற தண்ணீரைக் கேனில் எடுத்துப் போனேன். பானையை நனைத்தது போக மிச்சத்தைப் பலகை மேலேயே ஊற்றினேன். பலகை ஊறினால் அவற்றுக்குத் தின்ன வசதி.

பிடித்தவற்றை மண்ணோடு முறத்தில் கொட்டி, மேலே நனைந்த அட்டையைப் போட்டால் கறையான் எல்லாம் அட்டைக்கு ஏறிவிடும். அட்டையை அப்படியே ஐஸ்க்ரீம் டப்பாவில் வைத்து, மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நிழலில் வைப்பேன். காய்ந்தால் ஒரு வேளையில் செத்துவிடும், ஈரம் கூடினால் பூஞ்சை பிடித்து நாறும். எறும்பு வராமல் இருக்கத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே டப்பாவை வைக்க வேண்டும். காலையும் மாலையும் ஒரு கரண்டி போட்டால் தாய்க்குருவி அள்ளிக்கொண்டு போய்க் குஞ்சின் வாயில் திணிக்கும். குஞ்சுகள் ஒன்று விடாமல் பிழைத்தன. அவற்றின் தொண்டைப்பை உப்பியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், இன்றைக்கு எந்தப் பலகையோ என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். அவ்வளவு சந்தோஷம்.

ஒருநாள் என் மனைவி பின்னாலேயே வந்து பார்த்துவிட்டாள்.

"குடிக்கிற தண்ணிக்கு நான் கொடத்த தூக்கினு லாரி பின்னாடி ஓடறேன். நீ இங்க கொண்டாந்து ஊத்தறியா? அது உங்க நைனா படகுய்யா!"

"இப்ப அது அவன் படகு" என்றேன்.



இப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. மழை முடிந்து இறால் வருகிற நேரத்தில் அண்ணனின் ஃபைபர் படகு முகத்துவாரத்தில் கல்லில் மோதிப் பிளந்தது. அடுத்த வாரம் அவன் பாடு. மரப்படகை இறக்கப் போகிறான் என்று கேள்விப்பட்ட அன்றே பானைகளை எடுத்துவிட்டேன். ஐந்தாறு பேர் சேர்ந்து படகைப் புரட்டினார்கள். நானும் போய்த் தள்ளி நின்றேன். தூக்கியவர்கள் கையோடு விளிம்பு அப்பளமாக நொறுங்கியது. உள்ளே பலகையே இல்லை, மண்தான் இருந்தது.

"அப்பன் கட்டன படகுக்கு எண்ண தடவ கை வர்லியாடா உனுக்கு?" என்று பெரியவர் ஒருவர் ஊர் முன்னால் கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. படகில்லாமல் அந்த வருடம் அவனும் தன் பாடு முறைக்குப் போகவில்லை.

மறுநாள் காலை அவன் என் வீட்டுக்கு வந்தான். கூட்டத்துக்குப் பிறகு என் வாசலை மிதிப்பது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கூண்டுக்கு முன்னால் நின்றான். கறையான் டப்பா அவன் காலடியில் இருந்தது.

"நல்லா கொழுகொழுன்னு கீதுடா. இன்னா தீனி போடற?"

"தினைதாண்ணா."

 பிறகு திரும்பினான். கண்ணில் தண்ணீர். அதற்கு முன் அவன் அழுது நான் பார்த்தது நைனா செத்த அன்று ஒரு தடவைதான்.

"என் மேலதான் தப்புடா. நைனா படக நானே அழிச்சிட்டேன். உன்கிட்ட குடுத்திருந்தா நீ நல்லா வெச்சினு இருந்திருப்ப. மன்னிச்சிக்கோடா."

என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அடுத்து கூட்டத்தில் சொன்னதைப் பற்றி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவனுக்கு அது தப்பாகவே தெரியவில்லை போலும். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினான்.

என் மனைவி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். சொல்வேன் என்று நினைத்திருப்பாள். நான் சொல்லவில்லை. நான் செய்ததற்கு அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டான். அவன் செய்ததற்கு மன்னிப்புக் கேள் என்று இனி அவனிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை.