எம்.எல்.ஏ.க்களைத் தோற்கடித்த கை

எங்கள் தொகுதியின் பெயரைச் சொன்னால் நாளைக்கே நாலு பேர் என் தையல் கடை வாசலில் வந்து நிற்பார்கள். அதனால் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கம் என்பதோடு விட்டுவிடுகிறேன். தொகுதிகளைப் பிரித்து மாற்றியபோது எங்கள் ஊரை ஒரு தொகுதியிலிருந்து தூக்கி இன்னொன்றில் போட்டார்கள். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய தொகுதிக்கும் புதுத் தொகுதிக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் வித்தியாசமே இல்லை. இரண்டிலும் ஒரு தடவை ஜெயித்தவர் அடுத்த தடவை ஜெயித்ததில்லை. ஐந்து வருஷம் ஒருவரைத் திட்டுவோம், பிறகு திட்டுவதற்குப் புது ஆளாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்போம்.

முதலில் ஒரு வக்கீல் இருந்தார். பஸ் விடுகிறேன் என்றார், பஸ்ஸுக்குப் பதில் நிழற்குடை வந்தது. மறு தேர்தலில் வீட்டுக்கு அனுப்பினோம். அடுத்து ஞாபகம் இருப்பவர் லாரி ஓனர். அவர் ரோடு போட்டார். அவருடைய சுண்ணாம்புக்கல் லாரிகளே அந்த ரோட்டை ஒரே வருஷத்தில் தின்று முடித்தன. அவரையும் அனுப்பினோம். அவருக்குப் பிறகு ஒரு டாக்டர் வந்தார். ஐந்து வருஷத்தில் எங்கள் தெருவுக்கு அவர் வந்தது ஒரே தடவை, அதுவும் வழி தெரியாமல். அவரும் போனார். இதெல்லாம் ஜனங்கள் ஓட்டுப் போட்டு நடந்த காரியம். ஆனால் எங்கள் ஊர் அதற்கு வேறு காரணம் கண்டுபிடித்தது. அந்தக் காரணத்தின் பெயர் பூங்காவனம்.

பூங்காவனம் அக்கா எங்கள் எதிர்வீடு. கொத்தவேலை மேஸ்திரி நல்லுசாமியின் மனைவி. சீசனில் முந்திரிக் காட்டுக்குப் போவாள், மற்ற நாட்களில் நூறு நாள் வேலை. தெருவில் ஆரத்தி என்றால் அக்காதான். கல்யாணமோ, சடங்கோ, பிரசவம் முடிந்து வீடு திரும்பும் பிள்ளையோ, மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்துச் சிவப்பு எடுப்பதில் அவளை அடிக்க ஆள் இல்லை. எங்கள் பக்கம் தட்டை இரண்டு பேர் சேர்ந்து பிடித்துச் சுற்றுவோம். ஒரு பக்கம் அக்கா, மறு பக்கம் நான். ஆனால் பழி வந்தபோது தட்டுக்கு ஒரே பக்கம்தான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

வக்கீல் இரண்டாம் தடவை ஓட்டுக் கேட்டு வந்தபோது அக்கா ஆரத்தி எடுத்தாள், தோற்றார். லாரி ஓனருக்கு எடுத்தாள், தோற்றார். டாக்டருக்கு எடுத்தாள், டெபாசிட்டே கையை விட்டுப் போனது. தட்டில் என்ன விழுந்தது என்று யாரும் கேட்க வேண்டாம், தேர்தல் கமிஷனுக்கு ஆயிரம் வேலை இருக்கிறது. டாக்டர் தோற்ற அன்றே டீக்கடையில் கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். பூங்காவனம் கை வைத்தால் ஆள் காலி.

இதில் இருக்கும் முட்டாள்தனத்தைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. பதவியில் இருக்கும் எம்.எல்.ஏ. வருவதென்றால் முதல் நாளே அவருடைய ஆட்கள் வந்து, நாளைக்குப் பத்து மணிக்கு ஐயா வருகிறார், தட்டை ரெடி பண்ணுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். எதிர்த்து நிற்பவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். தெருவே அப்போது முந்திரிக் காட்டில் இருக்கும். ஆகவே அக்காவின் தட்டு எப்போதும் பழைய எம்.எல்.ஏ.வுக்குத்தான் போகும். பழைய எம்.எல்.ஏ. எங்கள் தொகுதியில் எப்போதும் தோற்பார். இது புரிவதற்குப் படிப்பு வேண்டுமா? ஆனால் யாருக்கும் புரியவில்லை. கல்யாண வீடுகளில் அக்காவை மெல்ல மெல்லக் கழற்றிவிட்டார்கள். பந்தியில் உட்கார வைப்பார்கள், வெற்றிலை பாக்கு கொடுப்பார்கள், தட்டை மட்டும் வேறு யாரிடமாவது கொடுப்பார்கள். அக்கா அதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிட்டாள்.

சிரிக்க முடியாத நாள் போன தை மாதம் வந்தது. அக்காவின் ஒரே மகன் அரவிந்தனுக்கு அரியலூரில் பெண் பார்த்து நிச்சயம் செய்தார்கள். வினோதினி என்று பெண், மருந்துக் கடையில் வேலை. கல்யாணம் வைகாசியில். சாப்பாடெல்லாம் முடிந்து கிளம்பும்போது பெண்ணின் அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, தேன் ஒழுகுகிற குரலில் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பொண்ணு மொத மொதலா வூட்டுக்குள்ள வர்றப்ப, ஆரத்திய வேற யாராச்சும் எடுத்துக்கட்டும். எங்க சொந்தத்துல என்னென்னமோ பேசிக்கிறாங்க."

அக்கா சரி என்று தலையாட்டினாள். பஸ்ஸில் உடையார்பாளையம் வரும்வரை டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அழுதாள். சொந்த மருமகளைச் சொந்த வாசலில் வரவேற்க முடியாதென்றால் அப்புறம் இந்தக் கை எதற்கு என்றாள். எனக்கு ஊர் மேலும் அரியலூர் மேலும் ஒரே நேரத்தில் ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில்தான் அந்த யோசனையைச் சொன்னேன். தேர்தல் சித்திரையில், கல்யாணம் வைகாசியில். நடுவில் ஒரே ஒருவரை ஜெயிக்க வைத்துவிட்டால் போதும்.

யார் ஜெயிப்பார் என்பதில் சந்தேகமே இல்லை. பதவியில் இருந்தவர் முந்திரி வியாபாரி மாயவன். எங்கள் தொகுதி வழக்கப்படி அவர் தோற்க வேண்டியவர். எதிர்த்து நின்றவர் அய்யம்பெருமாள். ஆகவே அய்யம்பெருமாளுக்கு ஆரத்தி எடுப்பது என்று முடிவு செய்தோம்.

ஆனால் அதற்குள் அக்காவின் புகழ் எங்களை முந்திக்கொண்டு தொகுதி முழுக்கப் போயிருந்தது. மாயவன் கட்சியின் கிளைச் செயலாளர் பிச்சைமுத்து வீடு தேடி வந்து, பிரச்சாரம் முடியும்வரை அக்கா கும்பகோணத்தில் தங்கச்சி வீட்டில் போய் இருந்தால் புண்ணியமாகப் போகும், காரே வைத்துத் தருகிறேன் என்று கையைப் பிசைந்தார். அவர் போன கையோடு அய்யம்பெருமாள் கட்சிக்காரர்கள் வந்து, மாயவன் பேசும் இடத்துக்கு அக்காவை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறோம், ஒரே ஒரு தடவை அவருக்குத் தட்டைச் சுற்றிவிடுங்கள் என்று கும்பிட்டார்கள். உங்கள் ஆளுக்கே எடுக்கிறோமே என்று நான் சொன்னதும் அவர்கள் முகம் செத்துவிட்டது. மறுநாளிலிருந்து இரண்டு கட்சி வண்டியும் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. குடிதண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேட்கக் காத்திருந்த தெரு மொத்தமும் அக்காவைப் பார்த்து முறைத்தது.

தெருவுக்கு வராவிட்டால் என்ன, நாம் போவோம் என்று நான் சொன்னேன். அய்யம்பெருமாள் நாலு மணிக்கு மெயின் ரோட்டுப் பிரிவைத் தாண்டிப் போகிறார் என்று தெரிந்தது. ஆரத்தித் தண்ணீரைக் கரைத்துக் கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி மூடினோம். தட்டும் வெற்றிலையும் கற்பூரமும் ஒயர் கூடையில். என் மொபெட்டில் அக்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போய், பிரிவில் ஒரு முந்திரி மரத்துக்குப் பின்னால் பதுங்கினோம். எங்களைப் பார்த்தால் ஆரத்தி எடுக்க வந்தவர்கள் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

தூசியைக் கிளப்பிக்கொண்டு திறந்த ஜீப் திரும்பியது. கொடியைப் பார்த்து யார் வண்டி என்று சொல்லிவிடலாமே என்பீர்கள். இந்தக் கூட்டணிக் காலத்தில் ஒரு ஜீப்பில் ஏழு கொடி பறக்கிறது, போன தேர்தலில் இந்தப் பக்கம் பறந்தது இப்போது அந்தப் பக்கம் பறக்கிறது. அக்கா கற்பூரத்தை ஏற்றிவிட்டாள். நாங்கள் தட்டோடு நடு ரோட்டில் போய் நின்றோம். ஜீப் பிரேக் போட்டது. தூசி அடங்கியது. கும்பிட்ட கையோடு மேலே நின்றுகொண்டிருந்தவர் மாயவன்.

பிறகுதான் தெரிந்தது, எங்கள் தெருவைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காகவே அவரை அந்தச் சுற்று வழியில் கூட்டி வந்திருக்கிறார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிச்சைமுத்து அக்காவைப் பார்த்ததும் சீட்டுக்குக் கீழே சரிந்தார். அக்கா என்னைப் பார்த்தாள், நான் கற்பூரத்தைப் பார்த்தேன். ஏற்றிய கற்பூரத்தை ஊதி அணைக்க முடியாது. மாயவன் பக்கமும் அதே கஷ்டம்தான். பின்னால் இரண்டு வேன் நிறைய மகளிரணி, செல்போனில் படம் பிடிக்கிற பையன்கள். இத்தனை பேர் பார்க்க ஆரத்தித் தட்டைக் கண்டு ஓடினார் என்றால் அதற்கு மேல் ஓட்டு எங்கே விழும்? மாயவன் இறங்கி வந்தார். நாங்கள் சுற்றினோம். அக்கா சிவப்பைத் தொட்டு நெற்றியில் வைக்கும்போது, ஊசி போட்டுக்கொள்கிற ஆள் மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அய்யம்பெருமாள் அரை மணி நேரம் கழித்து வந்தார். அதற்குள் தண்ணீர் ரோட்டில் கொட்டியாகிவிட்டது. விஷயம் தெரிந்ததும் அவர் கட்சிக்காரர்கள் அன்று சாயங்காலமே டீக்கடையில் எல்லாருக்கும் டீ சொன்னார்கள். அக்கா வீட்டுக்கு வந்து படுத்தவள் சோறு கூட ஆக்கவில்லை.

வைகாசி பிறப்பதற்கு முன்பே ரிசல்ட் வந்தது. மாயவன் ஜெயித்துவிட்டார். எதிர்ப்பக்கம் கடைசி நேரத்தில் உடைந்து இன்னொருவரும் நின்று ஓட்டைப் பிரித்ததுதான் காரணம். ஆனால் காரணத்தை யார் கேட்டார்கள்? ஒரு தடவை ஜெயித்தவர் மறுபடியும் ஜெயித்தது எங்கள் ஊருக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. மாயவனே மாலையும் மேளமுமாக எங்கள் தெருவுக்கு வந்து அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார். குழாயடியில் பெண்கள் அக்காவைப் பிடித்துக் காய்ச்சினார்கள். ஐந்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தோம், அந்த ஆளையே திரும்பவும் எங்கள் தலையில் கட்டிவிட்டாயே என்றார்கள். அரியலூரிலிருந்து போன் வந்தது. ராசியான கை, ஆரத்தியைச் சம்பந்திதான் எடுக்க வேண்டும், வேறு யாரும் தட்டைத் தொடக்கூடாது என்று பெண்ணின் அம்மா சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவும் ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

மறுநாள் பிளவுஸ் அளவு கொடுக்க வந்தவள் தையல் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்றேன்.

"ஏன் மணி, இந்தாளு ஜெயிச்சது என் கையாலன்னா, அந்த மூணு பேரும் தோத்ததும் என் கையாலதானே?" என்றாள்.

ஐந்து வருஷமாக அந்தப் பழியை நம்பாமல் நிமிர்ந்து நின்றவள், பாராட்டு வந்த மறுநாளே பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அதுதான் நெஞ்சை அறுத்தது.

கல்யாணம் ஜெயங்கொண்டத்து மண்டபத்தில் நல்லபடி முடிந்தது. மத்தியானம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஊருக்கு அழைத்து வந்தோம். வாசலில் தெருவே கூடி நின்றது, முன் வரிசையில் பிச்சைமுத்து வெள்ளை வேட்டியில். தட்டை இரண்டு பேரும் பிடித்தோம். கற்பூரம் ஏற்றப் போன என் கையை அக்கா தடுத்தாள். பெண்ணுக்குப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்துப் பேசினாள்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்லிட்டு எடுக்கறேன். அன்னைக்கு அந்தாளுக்கு நான் தெரியாமத்தான் எடுத்தேன். ஓட்டும் அவருக்குப் போடல. என் கையில ராசியும் கெடையாது, தோஷமும் கெடையாது. புள்ள இந்த வூட்டுல நல்லா இருக்கணும்னு ஒரு ஆசை இருக்கு, அவ்வளவுதான். அது போதும்னா எடுக்கறேன். போதாதுன்னா வேற ஆளக் கூப்புடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

பிச்சைமுத்துவின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. பெண்ணின் அம்மா முன்னால் வந்தார். பிறகு மகளின் முகத்தில் வழிந்த வேர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டே சொன்னார்.

"ஆரத்தி எடுத்த ஆளுக்கெல்லாம் யாருங்க சம்பந்தி ஓட்டுப் போட்டா? எங்க தெருவுல நான் மூணு கட்சிக்கு எடுத்தேன், மூணு பேத்துக்கும் போடல. புள்ள வெயில்ல நிக்கிது, எடுங்க."