பால் காய்ச்சும் நாளில் தீப்பெட்டி இல்லை

மில்லிக்கனில் வாங்கிய புது வீட்டில் அன்று பால் காய்ச்சுதல். சுபநேரம் முடியப் போகும்போதுதான், விளக்கேற்றத் தீப்பெட்டி கொண்டுவரவில்லை என்று தெரிந்தது. பக்கத்துக் கடைக்கு ஓடினேன். சிகரெட்டைப் போலவே தீப்பெட்டியையும் சிறுவர்களுக்கு விற்காத கடை அது. என் சின்ன உருவத்தைப் பார்த்த கடைக்காரப் பெண், பத்தொன்பது வயதாகிவிட்டதா என்று அடையாள அட்டை கேட்டாள். இரண்டு பிள்ளை பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் என் அட்டைகள் எல்லாம் வழக்கம்போலக் கணவரின் சூட்கேசில், பழைய வீட்டில் இருந்தன.

வெறுங்கையோடு திரும்பினேன்.

"விளக்குக் கொளுத்தாமல் எப்பிடிப் பிள்ளை பால் காய்ச்சிறது?" என்று மாமி கலங்கினார்.

"பொறுங்கோ மாமி, அடுப்பு இருக்குத்தானே" என்றேன்.

மின்சார அடுப்பின் சுருள் சிவந்ததும், எண்ணெயில் தோய்த்த திரியை அதில் பிடித்தேன். பற்றிக்கொண்டது. நேரம் தப்பாமல் விளக்கெரிந்தது, பாலும் பொங்கியது.

மறுநாள் அதே கடையில், அவள் கேட்கும் முன்பே அட்டையை நீட்டித் தீப்பெட்டி வாங்கினேன். இப்போது என் அட்டைகள் என் கைப்பையில். சூட்கேசில் இருப்பவை அவருடையவை மட்டும்தான்.