சக்கரங்களைச் சுற்றிவிட்டவர்

பழைய மோட்டார் பம்புகளின் சக்கரங்களைப் பொறுக்கிச் சேர்த்து, கோவையில் ஒரு குளக்கரைப் பூங்காவுக்கு மயில் செய்தேன். அதன் தோகைச் சக்கரங்களை யார் வேண்டுமானாலும் சுற்றலாம். திறந்த மறுவாரமே ‘தொடாதீர்கள்’ என்று பலகை வைத்துவிட்டார்கள்.

அங்கிருந்த காவலாளி, தொளதொளத்த நீலச் சட்டைக்குள் ஒடுங்கிய ஒல்லி மனிதர். தினமும் காலையில் எண்ணெய் விட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் ஒருமுறை சுற்றிவிடுவார்.

“பலகையை நீங்க படிக்கலீங்களா?” என்று கேட்டேன்.

“படிச்சனுங்க. சுத்தாம உட்டா இறுகிப்போயிருமுங்க. என்னைக்காச்சும் பலகைய எடுத்துப்போட்டாங்கன்னா, கொழந்தைங்க வந்து சுத்தோணுமில்லீங்க?”

இந்த மழைக்காலத்தில் போனேன். அவர் இல்லை, பலகை இருந்தது. ஒரு சக்கரத்தில் கை வைத்துத் தள்ளினேன். அசையவில்லை.

“ஏனுங்க, தொடக்கூடாதுங்க” என்றார் புதுக் காவலாளி.

கையை எடுத்துக்கொண்டேன்.