லேட்டாக வைத்த டைமிங்

நேற்றுக் காலை என் பழைய புல்லட்டுக்கு டைமிங், அதாவது எஞ்சினுக்குள் பொறி விழும் நேரம், வைத்துக்கொண்டிருந்தேன். பொறியை விடும் பாயிண்டின் இரண்டு உதடுகளுக்கு நடுவே பஸ் டிக்கெட்டைச் செருகி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். குறித்து வைத்த இடத்துக்குப் பிஸ்டன் வந்ததும் பாயிண்ட் திறக்கும், டிக்கெட் நழுவும். அங்கே திருகாணியை முடுக்கினால் டைமிங் சரி. நான் அங்கே முடுக்குவதில்லை. ஒரு மயிரிழை தள்ளித்தான். எட்டிப் பார்த்த பக்கத்துக்கடை மெக்கானிக், "லேட்டா வெச்சிருக்கீங்களே சார், வண்டி சூடாவும்" என்றார். தெரியும் என்றேன். இவருக்கு வயசாகிவிட்டது, போகட்டும் என்று விட்டுவிட்டார்.

பாயிண்ட் மூடிக்குள்ளிருந்து எண்ணெயும் துருவும் கலந்த வாசம் வந்தது. அந்த வாசம் என்னை நேராக மரக்காணம் உப்பளத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். எது வானம், எது தண்ணீர் என்று தெரியாத வெளி அது. வெயிலில் உப்புக் குவியல்கள் தரையை விட்டு எழும்பி மிதப்பதுபோல இருக்கும். சத்தம்கூட அங்கே நடக்காது, மிதந்துதான் வரும்.

நான் அங்கே மேஸ்திரி. எப்போது போய் இறங்கினாலும் பெண்கள் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தர்கூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எல்லாம் என் திறமை என்று வீட்டில் பெருமையடித்திருக்கிறேன்.

அப்போதெல்லாம் டைமிங் லேட்டாகிக் கிடந்ததால் வண்டி தொம், தொம் என்று இருமிக்கொண்டு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டைமிங்கைச் சரியாக வைத்தேன். மறுநாள் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. உப்பளத்தில் இறங்கினால், ஓலைப் பந்தலின் நிழலில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் அஞ்சலை, மடியில் கைக்குழந்தை, பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். உப்பளத்துக்குக் குழந்தையைக் கொண்டுவந்தால் அன்றோடு வேலை இல்லை என்பது முதலாளியின் கட்டளை. வீட்டில் விட்டுவர அவளுக்கு ஆள் இல்லை.

முனியம்மா அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். அந்தக் கூட்டத்துக்கே பெரியவர், வாய்த்துடுக்கு.

"ஏம்பா மேஸ்திரி, நேத்து வரிக்கும் நீ வர்றது கிளியனூரு வரிக்கும் கேக்கும். இன்னிக்கு இன்னா, பூனை மாதிரி வந்து நிக்கிற?"

அப்போதுதான் என் திறமை எதில் இருந்தது என்று எனக்குப் புரிந்தது. சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. முனியம்மா அக்கா உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "நாளிக்கு மொதலாளி ஒன் வண்டியிலதான் வர்றாராமே."

அன்று சாயங்காலம் டைமிங்கைப் பழையபடி லேட்டாக்கினேன்.

மறுநாள் முதலாளி பின்னால் உட்கார்ந்து வந்தார். வண்டி ஏன் இப்படி இருமுகிறது என்றார். உப்புக் காற்று என்றேன். நாங்கள் இறங்கும்போது பந்தல் காலி. பாத்தியில் பலகைகள் ஓடிக்கொண்டிருந்தன. அஞ்சலையும் குனிந்து வாரிக்கொண்டிருந்தாள். ஆனால் பம்ப் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு சின்ன அழுகை கிளம்பியது. அவள் கையிலிருந்த பலகை நின்றுவிட்டது.

நான் வண்டியை அணைக்கவில்லை. ஆக்சிலேட்டரைத் திருகினேன்.

"ஆஃப் பண்ணேம்பா, காது போவுது."

"ஆஃப் பண்ணா திரும்ப ஸ்டார்ட் ஆவாதுங்க."

அவர் காதைப் பொத்திக்கொண்டே குவியல்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து ஏறினார். சைலன்சர் சூட்டில் பழுத்திருந்தது. வண்டியைத் திருப்பும்போது அஞ்சலையின் பலகை மறுபடி ஓட ஆரம்பித்ததைப் பார்த்தேன். அப்புறம் நான் டைமிங்கைச் சரியாக வைத்ததே இல்லை.

நேற்று முடுக்கி முடித்ததும் அந்தப் பக்கம் போய் வந்தேன். எங்கள் பாத்திகள் இருந்த இடத்தில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். பந்தல் இல்லை, பம்ப் கொட்டகை இல்லை. வண்டி மட்டும் தொம், தொம் என்று நான் வருவதைச் சொல்லிக்கொண்டே போனது. எழுந்துகொள்ள அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.