பிளக்கில் குடியிருந்த சாமி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வீட்டுக்காரர் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கித்தான் பிழைத்தார். வாய் என்னவோ கோயில் மண்டபத்தில் பிரசங்கம் பண்ணுகிறவருடைய வாய். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வாடகை வீட்டுக்குக் கரண்ட் வந்தது. அதைப் பற்றி நாலு வயது மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு அந்த வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

முதலில் நான்தான் சொல்லிப் பார்த்தேன். ஒயரை மிச்சம் பிடிக்க வேண்டுமென்று வீட்டுச் சொந்தக்காரர் பிளக்கைத் தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் வைத்திருந்தார். பெரியவர்கள் குனிய வேண்டும். குழந்தை உட்கார்ந்தால் முகத்துக்கு நேராக இருக்கும். மேலே பெரிய ஓட்டை ஒன்று, கீழே சின்ன ஓட்டை இரண்டு. கரண்ட் வந்த அன்றைக்கே அவள் ஒரு ஈர்க்குச்சியோடு அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது என் கட்சி. முதுகில் ஒன்று வைத்து, "உள்ள பூச்சாண்டி இருக்கான், கடிச்சு வச்சிருவான்" என்றேன். மறுநாள் பூச்சாண்டிக்கு எத்தனை பல் என்று பார்க்கப் போனாள்.

"புள்ளைய ஏன்டி பயமுறுத்தற?" என்று இவர் கிளம்பினார். அவளை மடியில் வைத்துக்கொண்டு பிளக்கைக் காட்டினார். "பாரு கண்ணு. கீழ ரெண்டு கண்ணு, நெத்தியில ஒரு கண்ணு. யாரு இது?"

"சிவன் சாமி!"

"ஆங். அவரு நெத்திக்கண்ணத் திறந்தாருன்னா நாம சாம்பல். தொடலாமா?"

"தொடக்கூடாது."

பாடம் முடிந்தது. "கரண்டுன்னா செத்துப்போவன்னு நேராச் சொல்லுங்களேன்" என்றேன். "நாலு வயசுப் புள்ளகிட்ட எவளாவது சாவப் பத்திப் பேசுவாளா?" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

வேலை செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தை அதன் கிட்டேகூடப் போகவில்லை. அந்தப் பக்கம் கால் நீட்டிப் படுக்க மாட்டாள். பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சியின் பிள்ளைகளோடு பழகி அவள் பேச்சே பாதி மலையாளம். அவர்கள் விளையாட வந்தால் முதலில் தூரத்தில் நிறுத்திப் பிளக்கைக் கும்பிடச் சொல்வாள். அவர்கள் வேதக்காரர்கள், சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை. இவர் கிடங்கில் போய் ஆள் ஆளுக்குச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று சாயங்காலம் நல்ல மழை, இடி. ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் பொட்டு வாங்காமல் எதுவும் தப்பிக்க முடியாது. மூட்டை தூக்குகிற கொக்கி, சைக்கிள், அரிவாள்மனை, அம்மிக்கல், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ரேடியோவுக்கும் வைக்க வேண்டுமென்று அதைப் பிளக்கிலிருந்து பிடுங்கி விளக்குக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். ஸ்விட்சை அணைக்கவில்லை. கரண்டே இல்லாதபோது எதற்கு அணைக்க வேண்டும் என்பது அவர் நியாயம். பூஜை முடிந்ததும் சேச்சி வீட்டுக்குப் பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு போனார். போனவர் கொடுத்துவிட்டு வருவாரா? அங்கேயே பேச்சில் உட்கார்ந்துவிட்டார்.

நான் சாமிக்குப் படைத்த பால் டம்ளரைத் தேடினேன். காணோம். திரும்பிப் பார்த்தால் மகள் பிளக்குக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மூன்று ஓட்டைக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. பால் சுவரில் வழிந்துகொண்டிருக்கிறது. டம்ளர் காலி. மிச்சமிருந்த சந்தனத்தை மேல் ஓட்டைக்குள் விரலை விட்டு அப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"அம்மே, எல்லாத்துக்கும் பொட்டு வச்சு. சாமிக்கு மட்டும் ஆரும் வைக்கலை. ஞான் பால்ல குளிப்பிச்சு."

அதில் என்ன தப்பு இருக்கிறது? சிவன் அபிஷேகப் பிரியர் என்று ஊர் உலகமே சொல்கிறது. அப்பன் சொன்னதைப் பிள்ளை நம்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

கரண்ட் எந்த நிமிஷமும் வரலாம். அவளைத் தோளைப் பிடித்து இழுத்து நடுவீட்டில் தள்ளினேன். பிளக்கின் ஸ்விட்சிலும் பால், அதைத் தொட முடியாது. மெயின் ஸ்விட்ச் வாசல் கதவுக்கு மேலே இருந்தது. முக்காலியைப் போட்டு ஏறினேன். என் கையும் ஈரம். புடவையில் துடைத்தேன், துடைத்தேன், ஈரம் போன மாதிரியே தெரியவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பிடியைக் கீழே இழுத்தேன். இறங்கி ஒரு காலைத் தரையில் வைத்திருப்பேன். பக்கத்து வீட்டில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. சேச்சியின் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மகளை இழுத்து முதுகில் நாலு போட்டேன். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாமி கும்பிட்டதற்கு எந்த வீட்டிலாவது அடிப்பார்களா?

சத்தம் கேட்டு, பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்று சேச்சி ஓடி வந்தார். "அய்யோ, மோளுக்கு எந்து பற்றி?" பின்னாலேயே இவர், கையில் காலித் தட்டோடு. "என்னடி, ஊருக்கெல்லாம் கரண்ட் வந்துருச்சு, நமக்கு மட்டும் வரல?"

"உங்க சாமி பால் குடிச்சிக்கிட்டு இருக்காரு. குடிச்சு முடிக்கட்டும்னு மெயின அணைச்சு வச்சிருக்கேன்."

சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தார். பிளக்கிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பார்த்தவர் வெகு நேரம் நிமிரவில்லை. சேச்சி, "மாதாவே" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"இப்ப நீங்களே சொல்லுங்க. நேராச் சொல்லுங்க" என்றேன்.

மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். "கண்ணு, அது சாமி இல்ல. கரண்டு. அப்பா சும்மா சொன்னேன். தொட்டா..." பிளக்கைத் திரும்பிப் பார்த்தார். "தொட்டா செத்துப் போயிருவ. கை ஈரமா இருந்தா இன்னும் மோசம். அந்தப் பக்கமே போகக்கூடாது."

அவள் விசும்பலை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "செத்துப் போயிட்டா, பின்னே அம்மகிட்ட வரலாமா?"

"வர முடியாது."

"அப்பாகிட்ட?"

அவர் அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "அப்பாகிட்டயும் வர முடியாது கண்ணு" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, சந்தனம் ஒட்டியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார். ஈரமெல்லாம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.